கண்ணில் ஒற்றிய கொட்டை எழுத்து

கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். கல்யாணப் பத்திரிகை வந்தால் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துப் பார்க்கிறோம். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று வீட்டில் இருக்கிற சின்னதுகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறோம். அப்படிக் கையை நீட்டும்போதெல்லாம் எனக்கு என் அக்காவின் ஞாபகம் வரும். அவள் நீட்டிப் பிடித்தவள் இல்லை. கண்ணுக்கு அருகே கொண்டுபோனவள்.

எண்பதுகளில் வந்த பத்திரிகைகள் உங்களுக்கு நினைவிருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமக் கலர் மை. உச்சியில் சாமி பேர், கொட்டை எழுத்தில். எங்கள் பக்கம் பெரும்பாலும் ‘ஸ்ரீ ஆண்டாள் ரங்கமன்னார் துணை’ என்றிருக்கும். அப்புறம் மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் அதே எழுத்தில். மற்றதெல்லாம், முகூர்த்த நேரம், மண்டபம், பெரியவர்கள் பேர் எல்லாம் சின்ன எழுத்து. அடியில் அதைவிடச் சின்னதாக, எறும்பு வரிசை போல வீட்டுப் பிள்ளைகளின் பேர்.

அந்தக் கொட்டை எழுத்தை இப்போது எங்கும் காணோம். கம்ப்யூட்டரில் தடித்த எழுத்து இருக்கிறது என்பார்கள். அது வேறு. அது உடம்பெல்லாம் ஒரே பருமன். அன்றைய எழுத்தில் நிற்கிற கோடு தடியாக, மை குடித்து மினுமினுவென்று இருக்கும்; வளைந்து திரும்புகிற இடத்தில் மயிரிழையாக மெலியும். கோடு முடிகிற இடத்தில் வெட்டிவிட்டது போல நிற்காது, அரிசி மணி அளவுக்கு ஒரு பாதம் வைத்து நிற்கும். ‘ண்’ணின் சுழிகள் தேர்வடம் சுருட்டி வைத்தது போல இருக்கும். பஞ்சாலை மூட்டைகளில் ஒட்டுகிற சீட்டில் இங்கிலீஷ் எழுத்தும் அப்படித்தான், தடித்த காலும் அடியில் பாதமுமாக. அது எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பாதத்தைப் பார்த்து, இதுவும் நம் வீட்டு ஆள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நம் வீட்டு ஆள் என்றது சும்மா இல்லை. என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தார். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பார்த்துப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கும் பேப்பரைக்கூடத் தன் பக்கம் திருப்பாமலே கடகடவென்று வாசித்துவிடுவார். டீக்கடையில் இதை வைத்தே அவரைக் கேலி செய்வார்கள். “அண்ணாச்சி, பேப்பரைத் திருப்பிக் கொடுத்தா உமக்கு வாசிக்க வராதே” என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே தலைகீழாக வாசிப்பார்.

அச்சாபீசில் மை அப்பிப்போன தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் நோட்டுகளுக்கு அதுதான் அட்டை. ஆனால் அப்படியே போட்டுவிட முடியாது. அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. தாளின் உச்சியில் இருக்கும் சாமி பேரைக் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடவேண்டும். கத்தரித்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின் நிறைந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்த் திருமுக்குளத்தில் விடுவோம். இன்னொரு சட்டமும் உண்டு. கருமாதிப் பத்திரிகை அடித்த தாள் வீட்டு நிலைப்படியைத் தாண்டக்கூடாது.

கத்தரிக்கிற வேலை அக்காவுடையது. என்னைவிட நாலு வயது மூத்தவள், அப்போது ஏழாம் வகுப்பு. நான் சொல்லப்போவது அந்த வருஷத்தில் ஆடியில் தொடங்கித் தையோடு முடிந்த காலத்தை.

அக்கா ஒவ்வொரு தாளாக எடுப்பாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். இமை தாளில் உரசும். தலையை இடது பக்கமாகச் சாய்த்து, சத்தமாக, “ஸ்ரீ ஆண்டாள் ரங்கமன்னார் துணை” என்று வாசிப்பாள். பிறகுதான் கத்தரிப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் சொல்லுங்கள். கோயிலில் துளசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அது போலவே இருக்கும்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா இருந்தார். தெருப் பிள்ளைகளெல்லாம் அவரைப் பெத்தம்மா என்போம். முதலில் கண்டுபிடித்தது அவர்தான்.

“இங்கே பாரு, இந்தப் பிள்ளை பேப்பரைக் கையில எடுத்தாலே சாமி பேரைக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் மறுவேலை பாக்குது. வேற ஒரு வரி வாசிக்குதா? ம்ஹூம். பங்காரு, என் தங்கமே, நீ மனுசப் பிறவியே இல்ல.”

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “தலையைச் சாய்க்கிறதைப் பாருங்க பெத்தம்மா. ஆண்டாள் கொண்டை எப்படிச் சாஞ்சிருக்கும்? அதே மாதிரி இல்ல?”

அன்றிலிருந்து அக்கா சாமிப் பிள்ளை ஆனாள். தெருவில் யார் வீட்டுக்குப் பத்திரிகை அடித்து வந்தாலும் முதல் தாளை அவளிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். அவள் சாமி பேரை வாசிப்பாள். அதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கே ஒரு வாழைப்பழமோ கல்கண்டோ கிடைக்கும். நான் பக்கத்தில் நின்று எறும்பு எழுத்தையெல்லாம் விடாமல் வாசிப்பேன். “ஏட்டி, உன்னை யாரு கேட்டா? செத்த நேரம் வாயை மூடு” என்பார்கள். கல்கண்டில் பாதியை அக்கா எனக்குத் தந்துவிடுவாள்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தேர் பார்க்க வந்த கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பால்கோவா வாசனை, மாலைக் கடையில் மரிக்கொழுந்து வாசனை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். தேர் அசைந்து வரும்போது எல்லோரும் தலைக்கு மேலே கையைக் கூப்பினார்கள். அம்மா கண்ணில் நீர் வடிய, “ஆண்டாள் தாயார் சிரிக்கிறதைப் பாருட்டி” என்றாள். அக்கா தேரை நேராகப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேர் தெரியுதுட்டி. எம்புட்டுப் பெருசு! தாயார் முகந்தான் எங்க இருக்குன்னு தெரியல” என்றாள் என்னிடம் மெதுவாக.

“நடுவுலதாங்க்கா. மாலைக்குள்ள.”

“மாலை ஒரு கலராத்தான் இருக்கு.”

அப்பா அவள் தலையைத் தடவினார். “பிள்ளை மெய்மறந்து நிக்குது” என்றார் அம்மாவிடம்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் பால்கோவாப் பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த கடைப் பேரை அக்கா வாசித்துக்கொண்டே வந்தாள். அதில் சாமி பேர் எதுவும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆவணியில் சேத்தூர் மாமாவுக்குக் கல்யாணம். பத்திரிகையின் அடியில், “தங்கள் வரவை விரும்பும்” என்பதற்குக் கீழே அக்காவின் பேரும் என் பேரும் முதல்முறையாக அச்சில் வந்தன. நான் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தேன். அக்கா பின்வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தாளைக் கண்ணில் வைத்துத் தேடிக்கொண்டே இருந்தாள்.

“என் பேரு எங்கட்டி இருக்கு?”

“கீழ, கடைசி வரியில. உன் பேருக்குப் பின்னால என் பேரு.”

“விரலை வச்சுக் காட்டு.”

காட்டினேன். அவள் தன் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஈர மை ஒட்டியது. விரல் நுனியைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மாவிடம் அவள் சொல்லாமல் இல்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்பது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெத்தம்மாவும் கூட இருந்தார். அக்கா போய் நின்றுகொண்டு சொன்னாள்.

“அம்மா, எனக்குப் பெரிய எழுத்து மட்டுந்தாம்மா தெரியுது. சின்ன எழுத்து எதுவும் தெரியல.”

அம்மா கையை நிறுத்திவிட்டுப் பெத்தம்மாவைப் பார்த்தாள். பெத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சின்ன எழுத்துல என்னட்டி இருக்கு?” என்றாள் அம்மா. “மண்டபமும் பந்தி நேரமும்தான். பெரிய எழுத்துலதான் சாமி இருக்கு. ஆண்டாள் உனக்கு அதை மட்டும் காட்டுறான்னா, அதுக்கு மேல என்ன வேணும்?”

“இல்லம்மா, பள்ளிக்கூடத்துல போர்டுல...”

“போர்டு கெடக்குது, போ.”

இன்றைக்கு நினைத்தால், கெட்ட தாயாக இருந்திருந்தால், பிள்ளை சாக்குச் சொல்கிறாளோ என்றாவது அவள் சந்தேகப்பட்டிருப்பாள். பக்தி அவளைச் சந்தேகப்பட விடவில்லை. எதைப் பார்த்தாலும் அவளுக்கு அது தாயார் கிருபையாகத்தான் தெரிந்தது.

டீச்சர் ஆளனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். போர்டில் எழுதிப்போடுவதை எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதுகிறாள், காலாண்டுப் பரீட்சையில் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான். அவரும் அந்தக் காற்றில்தானே இருந்தார்.

“படிப்பு ஏறலைன்னா போகட்டும். சாமி புத்தி வந்திருக்கு” என்றார்.

“வீட்டுல இருந்து தாயாருக்குப் பூக்கட்டட்டும். வாரம் ஒருக்கா நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்றாள் அம்மா.

அக்கா அழுதாள். “நான் பள்ளிக்கூடம் போறேம்ப்பா” என்று அன்று ராத்திரிச் சோறு வேண்டாமென்றாள். “விரதம் இருக்கா” என்று அம்மா பெத்தம்மாவிடம் சொன்னாள்.

மார்கழி முழுக்க அவள் பூக்கட்டினாள். கனகாம்பரத்துக்கு நடுவே பச்சை மருவை வைக்கச் சொன்னால் முறை தப்பித் தப்பி வைத்தாள். நிறம் அவளுக்குச் சாயம் போய்க்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

தையில் பெத்தம்மா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை அப்பா வேலை பார்த்த அச்சாபீசில்தான் அடித்தார்கள். முதல் தாளைச் சாமிப் பிள்ளை வாயால் வாசிக்கக் கேட்டுவிட்டு, மஞ்சள் வைத்து, ஆண்டாள் சன்னதியில் வைக்கவேண்டும் என்பது பெத்தம்மாவின் ஆசை. அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் மஞ்சள் கிண்ணத்தோடு வந்துவிட்டார். கூடவே அவர் வீட்டு வெள்ளை நாயும் வந்து படியோரம் படுத்துக்கொண்டது.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, பையை வெளிச்சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லையில் மண்ணெண்ணெய் போட்டு மையைக் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணத் தாளை முன்னமே எடுத்துச் சாமி பட மாடத்தில் வைத்துவிட்டார். பையில் மிச்சம் இருந்தது வேறு ஒன்று. தேவதானம் ஊரில் ஒரு பெரியவர் தவறிப்போயிருந்தார். பிழை பார்க்க அவர் மகன் விடியக்காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்ததால், கருமாதிப் பத்திரிகையின் தாள் ஒன்று பையில் இருந்தது. அதனால்தான் பை வெளிச்சுவரில். அம்மாவுக்கு அது தெரியாது.

“ஏட்டி, உங்கப்பா பையில பத்திரிகை இருக்கும். எடுத்துட்டு வந்து பெத்தம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. இன்னைக்கு முழுசும் வாசிக்கணும்” என்றாள் அம்மா.

அக்கா போய் எடுத்து வந்தாள். விளக்கு மங்கல். தாளைக் கண்ணில் வைத்தாள். தலையைச் சாய்த்தாள். “ஸ்ரீ ஆண்டாள் ரங்கமன்னார் துணை” என்றாள். கருமாதிப் பத்திரிகைக்கும் உச்சியில் அதே சாமிதான், அதே கொட்டை எழுத்துதான்.

பிறகு தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். “நிகழும் மங்களகரமான வருஷம் தை மாதம் சுபயோக சுபதினத்தில்...” மாப்பிள்ளை பேர், பெண் பேர், மண்டபம் எல்லாம் தெருவுக்கே தெரிந்ததுதான். மற்ற வாசகம் எந்தப் பத்திரிகையிலும் ஒன்றுதான். நான் வாசித்துக் காட்டிக் காட்டி அவளுக்கு மனப்பாடம். ஒரு தட்டுத்தடங்கல் இல்லை. “சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்குமாறு வேண்டுகிறோம்” என்று முடித்தபோது பெத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பங்காரு தல்லி! இது போதும் எனக்கு.”

மஞ்சளில் விரலை நனைத்துக்கொண்டு தாளை வாங்கினார். விளக்குப் பக்கம் பிடித்தார்.

“இதேமிட்டி? அய்யய்யோ, இது கருமாதிப் பத்திரிகையில்லா!”

மஞ்சள் கிண்ணம் தரையில் உருண்டது. அம்மா பிடுங்கிப் பார்த்தாள். கறுப்பு மை. சுற்றிலும் கறுப்புக் கட்டம். ‘வைகுண்ட பதவி அடைந்ததை முன்னிட்டு’ என்று இருந்தது. அம்மா கை ஓங்கியது எனக்குத் தெரிந்தது, அறை விழுந்த சத்தம் பிறகுதான் கேட்டது.

“கையில எழவை வச்சுக்கிட்டு வாயில கல்யாணத்தைப் பாடியிருக்காளே!” என்றார் பெத்தம்மா. “என்ன கொழுப்பு இருந்தா செய்வா! இவளைப் போயா சாமிப் பிள்ளைன்னேன்?”

“சொல்லுட்டி, ஏன் செஞ்சே?” அம்மா அவளை உலுக்கினாள்.

“எனக்குத் தெரியலம்மா.”

“என்ன தெரியல? கொட்டை கொட்டையாப் போட்டிருக்கு, தெரியலையா?”

“கொட்டை எழுத்து தெரியுதும்மா. அதுக்குக் கீழ இருக்கிறதுதான் தெரியல. அன்னைக்கே சொன்னேம்லா.”

கொல்லையிலிருந்து அப்பா வந்தார். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. அவர் சத்தம் போடவில்லை. தாளை வாங்கினார். அக்காவை விளக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“வாசி ஆத்தா.”

சாமி பேரை வாசித்தாள். அப்பா தன் கட்டைவிரலை அந்தக் கொட்டை எழுத்து வரியின் மேல் வைத்து மூடினார்.

“இப்ப வாசி.”

அவள் தாளில் விரலை வைத்துத் தடவினாள்.

“மை என்ன கலருத்தா?”

“குங்குமக் கலருதானப்பா?”

அப்பாவின் விரல் தாளை விட்டு எழவில்லை. நாளெல்லாம் எழுத்தோடு கிடந்த மனிதர். எந்த எழுத்து தேய்ந்தது, எது உடைந்தது என்று தொட்டே சொல்லுவார். “எம்புட்டு நாளா?” என்று கேட்டார்.

“போன பங்குனியில இருந்து. அம்மாட்ட சொன்னேம்ப்பா.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பெத்தம்மா தன் முந்தானையால் தரையிலிருந்த மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அப்பா அச்சாபீசில் இருந்த எழுத்தெல்லாம் எடுத்து, ‘ராஜபாளையம்’ என்ற ஒரே வார்த்தையைச் சின்னதிலிருந்து பெரிது வரை படிப்படியாகக் கோர்த்து ஒரு சீட்டு அடித்துக்கொண்டு வந்தார். கடைசிப் படியில் கொட்டை எழுத்து. அக்கா கடைசிப் படியை மட்டும் வாசித்தாள்.

மதுரைக்குப் போனோம். கண்ணாஸ்பத்திரிச் சுவரிலும் அதே மாதிரி படிப்படியாக எழுத்து. ஆனால் அங்கே பெரியது மேலே இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, அம்மா சொந்தமா?” என்று டாக்டர் கேட்டார்.

“அக்கா மகளைத்தான் கட்டியிருக்கேன்” என்றார் அப்பா.

டாக்டர் தலையசைத்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் வாசிக்க உதவுகிற இடம் வாடிக்கொண்டு வருகிறது என்றார். “நடமாடுற பார்வை இருக்கும். வாசிக்கிற பார்வை போயிரும். பெரிய எழுத்தா இருந்தா இன்னும் கொஞ்ச நாளைக்கு வாசிப்பா.”

“முன்னாலேயே கூட்டி வந்திருந்தா?” அம்மா கேட்டாள்.

“மருந்து இல்லம்மா. யார் தப்பும் இல்ல. முன்னாலேயே தெரிஞ்சிருந்தா, பெரிய எழுத்துல நாலு புத்தகம் கூடுதலா வாசிச்சிருப்பா, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதுதான் ஆயுசுக்கும் ஆறவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. மதுரை போய்வந்தால் இறங்கித் தாயாரைச் சேவித்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அப்பா எழுந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இருங்க. இன்னைக்கு அவ முகத்துல முழிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

ஜன்னலோரம் இருந்த அக்கா வெளியே பார்த்துவிட்டு அம்மாவின் கையைத் தொட்டாள். “கோபுரம் நல்லாத் தெரியுதும்மா. நெசமாவே தெரியுது.”

அதற்குப் பிறகு அம்மா எந்தப் பத்திரிகையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை. வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வாள். பிஸ்கட் டின் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

அப்பா முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சாபீஸைத் திறந்தார்.

“என்னய்யா, கொட்டை எழுத்துல காவியம் அடிக்கப் போறீரா?” என்றாராம் முதலாளி.

“எம்பிள்ளைக்கு முதலாளி.”

முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் கொட்டை எழுத்து தலைப்புக்கென்றே வாங்கிப் போட்டது. ஒவ்வொன்றிலும் ஏதோ கொஞ்சந்தான் இருக்கும். நாலு வரி கோர்ப்பதற்குள் ‘ன’ தீர்ந்துவிடும், துணைக்கால் தீர்ந்துவிடும். நாலு வரி அடித்து, பிரித்து, மறுபடி கோர்த்து, அடுத்த நாலு வரி என்று அடிப்பார். ஒரு பக்கப் பாடம் ஒரு கத்தைத் தாளாகிவிடும்.

முதலில் அவர் அடித்து வந்தது ஒரு பாசுரம். பிள்ளை மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தார். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

“இது எனக்கு மனப்பாடம்ப்பா. எனக்குத் தெரியாததாப் போடுங்க.”

அடுத்த வாரம் ஏழாம் வகுப்பு அறிவியலில் இருந்து இலையைப் பற்றிய பாடம் வந்தது. அதற்கடுத்த வாரம் மாட்டுச் சந்தை நோட்டீஸ். பிறகு ஒரு சினிமா நோட்டீஸின் அடியில் இருந்த சின்ன எழுத்து மட்டும், கொட்டை எழுத்தாகி. ‘மழை பெய்தாலும் ஆட்டம் உண்டு.’ அதை வாசித்துவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இம்புட்டு நாளா கீழே இதுதான் இருந்துச்சா!”

நாங்களும் சிரித்தோம். அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தது அன்றுதான். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் போல அப்படி ஓடியது. பிறகு கொட்டை எழுத்தும் கரைய ஆரம்பித்தது. “பாதம் போயிருச்சுப்பா” என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், “மெல்லிசுக் கோடு ஒண்ணும் இல்ல. தடிக் கோடு மட்டும் வேலிக் கம்பு மாதிரி நிக்குது” என்றாள். அப்பா அடிப்பதை நிறுத்தவில்லை. அவளும் வாங்கிக் கண்ணில் வைப்பதை நிறுத்தவில்லை. எது வரைக்கும் வாசித்தாள், எதிலிருந்து வாசிப்பதாகக் காட்டினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்குச் சோழபுரத்தில் சம்பந்தம் கூடியது. அக்காவுக்கு அமையவில்லை. வந்தவர்கள் காரணம் தெரிந்து போய்விட்டார்கள். என் பத்திரிகையை அப்பாவே தன் கையால் கோர்த்தார். வயதாகிவிட்டது, கை நடுங்கும். அடித்து வந்த தாளைப் பார்த்ததும் என் மாமனாராக வரப்போகிறவர் புருவத்தைச் சுருக்கினார். வீடு நிறைய ஆட்கள்.

“என்ன சம்பந்தி, கடைசி வரியில பிள்ளைகள் பேருக்கு நடுவுல இந்தப் பேரு மட்டும் இம்புட்டுப் பெருசா இருக்கு? சாமிக்கும் மணமக்களுக்கும் போடுற எழுத்தில்லா? எம் பேரே சின்னதாத்தான் இருக்கு. அச்சுல தப்பாப் போச்சா?”

“தப்பு இல்ல சம்பந்தி” என்றார் அப்பா. “அவ பாக்கணும்னு போட்டேன்.”

மாமனார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

மஞ்சள் வைத்த தாள்கள் கூட்டத்தில் கைமாறி வந்து, ஒன்று அக்கா கைக்குப் போனது. அப்பா அவள் எதிரே போய்க் குந்தினார்.

“கடைசி வரியைப் பாருத்தா.”

அக்கா தாளைத் தூக்கினாள். தலையைச் சாய்த்தாள். தாளின் அடிப்பக்கத்தைக் கண்ணோடு சேர்த்து, இமை உரச, வெகு நேரம் வைத்திருந்தாள்.

“இருக்குப்பா. எம் பேரு நல்லாத் தெரியுது.”

“பாதமெல்லாம் தெரியுதா?”

“பாதமெல்லாம் தெரியுதுப்பா.”

பக்கத்தில் இருந்த பெண்களில் யாரோ, “பாரேன், இன்னமும் சாமி பேரைக் கண்ணுல ஒத்திக்கிடுறா” என்று மெதுவாகச் சொன்னார்கள்.

நான் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாள் அவள் கையில் தலைகீழாக இருந்தது. தன் பேர் என்று அவள் கண்ணில் வைத்திருந்தது ஆண்டாள் பேரை.

என்னையும் முந்திக்கொண்டு அப்பா அதைப் பார்த்திருப்பார். அவருக்குத் தலைகீழும் நேரும் ஒன்றுதானே. முகத்தில் எதுவும் காட்டவில்லை. “மஞ்சள் வழியுது, கொடு ஆத்தா” என்று தாளை அவள் கையிலிருந்து வாங்கினார். வேட்டி நுனியால் வழியாத மஞ்சளைத் துடைத்தார். நேராகத் திருப்பி மறுபடியும் அவள் கையில் கொடுத்தார்.

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.